நாற்காலியில் ஓடிய டாக்ஸி

போன வாரம் முழுக்க ஒரு பேய்ப்படத்துக்கு எஃபெக்ட்ஸ் வேலை, அதாவது திரையில் நடப்பதற்கு ஸ்டுடியோவில் கையால் சத்தம் கொடுப்பது. எந்தப் படம் என்று கேட்காதீர்கள், சொன்னால் அடுத்த வேலை வராது. ஒரே ரீலில் பேய் பதினோரு தடவை வந்தது. பதினோரு தடவையும் கதவு தானாகத் திறக்கிறது. ஸ்டுடியோவில் எண்ணெய் காட்டாமலே வைத்திருக்கும் கீல் ஒன்று உண்டு. அதை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி மணிக்கட்டே வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அந்தக் கடுப்பு தீரத்தான் 'லூஸ்' படத்தை மறுபடி போட்டேன்.

பேரைக் கேட்டதும் அக்கா பையன் சிரித்துவிட்டான். "லூஸா? உங்களைப் பத்தியா மாமா?"

ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு வெளிச்சம் என்று அர்த்தம். டாக்ஸி ஓட்டும் கதாநாயகியின் பெயரும் அதுதான். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எழுபது நிமிடம் கழித்து, "எனக்கு முதல் அர்த்தமே சரியாத்தான் படுது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜெர்மன் படம். டில்மன் ஸிங்கர் என்பவர் கொலோன் நகரத்து ஊடகக் கலைக் கல்லூரியில் படிப்பை முடிப்பதற்காக எடுத்தது. 2018 பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள். மாணவர் படம் என்றால் கையில் காசு எவ்வளவு இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு பார், ஒரு மீட்டிங் ஹால், ஐந்து முக்கியமான முகங்கள். இவ்வளவுதான் மொத்தப் படமும். ஆனால் டிஜிட்டலில் எடுக்காமல் 16 எம்எம் ஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள். மணல் தூவினது போன்ற அந்தப் படத்தில் எல்லாமே ஒரு பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. டாக்டர் இடுப்பில் பேஜர் வேறு. எந்த வருஷத்துக் கதை என்று கடைசிவரை சொல்வதில்லை.

முதல் ஷாட்டுக்கே கைதட்டலாம். போலீஸ் ஸ்டேஷனின் வரவேற்புக் கூடம், கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. அடிபட்ட முகத்தோடு தொப்பி போட்ட பெண் ஒருத்தி மெதுவாக உள்ளே வருகிறாள். மெஷினில் காசு போட்டுக் குடிக்க ஒன்று வாங்குகிறாள். மேஜையில் இருப்பவர் கண்டுகொள்ளவில்லை. நம் ஊர் எடிட்டராக இருந்தால் இதற்குள் பத்து வெட்டு வெட்டியிருப்பார். இங்கே ஒன்றுகூட இல்லை. சட்டென்று அவள் அந்த ஆளைப் பார்த்து, இப்படியேதான் வாழ்ந்து தொலைக்க ஆசையா என்று கத்துகிறாள். நான் இரண்டாம் தடவை பார்க்கிறேன், அப்பவும் தூக்கிவாரிப்போட்டது.

கதை இதுதான்: லூஸ் சின்ன வயதில் சிலியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் படித்தபோது விளையாட்டாக எதையோ கூப்பிட்டுவிட்டாள். அது இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஆவியா, பிசாசா, சாத்தானா, படம் அதற்கு முத்திரை குத்துவதில்லை. பிடித்தது என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோமே, அதுதான். ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு வாய் வழியாக ஒளியாகத் தாவுகிறது. பாரில் குடித்துக்கொண்டிருந்த நோரா என்பவளிடமிருந்து டாக்டர் ரோசினிக்குப் போகிறது. அந்த ரோசினியைத்தான் லூஸை ஹிப்னாட்டிசம் செய்து விசாரிக்கப் போலீஸ் கூப்பிடுகிறது.

நான் இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அந்த விசாரணைக்காகத்தான். மீட்டிங் ஹாலில் வெறும் நாற்காலிகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து, அவள் பேசும் ஸ்பானிஷை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் டாக்ஸிக்குள் போகச் சொல்கிறார். அவள் காற்றில் கதவைத் திறக்கிறாள், கதவுச் சத்தம் கேட்கிறது. காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாள், என்ஜின் உறுமுகிறது. கார் கிடையாது, ரோடு கிடையாது. ஆனால் டாக்ஸி ஓடுகிறது.

இதன் கஷ்டம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும். எங்கள் ஸ்டுடியோ மூலையில் மரச்சட்டத்தில் மாட்டிய பழைய அம்பாசடர் கதவு ஒன்று நிற்கிறது. இருபது வருஷமாக எல்லாப் படத்துக் காரும் அதுதான். திரையில் கார் இருந்தால் பார்ப்பவர் கண் பாதி வேலையைச் செய்துவிடும், சத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னித்துவிடும். கார் இல்லாத இடத்தில் கதவுச் சத்தம் அரை ஃபிரேம் தள்ளிப்போனால் போதும், ஊமைக்கூத்தாகிவிடும். இங்கே ஒரு இடம்கூட நழுவவில்லை. லூஸாக நடிக்கும் லுவானா வேலிஸ் கையில் அந்த ஸ்டீயரிங்கின் கனம் தெரிகிறது. அதற்கும் மேலே டாக்டராக நடிக்கும் யான் புளூட்ஹார்ட். டாக்டர் உடம்பு, உள்ளே நோரா, அதற்கும் உள்ளே அது. முகத்தில் ஒட்டுவேலை எதுவும் இல்லாமல் குரலையும் கழுத்தையும் வைத்தே மூன்றையும் காட்டுகிறார். சைமன் வாஸ்கோவின் இசையும் இந்த இடத்தில் அடக்கி வாசிக்கிறது. கெட்டிக்காரர்.

இனி குறை. பையன் பாதியில் கேட்டான், "மாமா, பேய் எப்ப வரும்?" வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றேன். முறைத்தான். இது அவன் தப்பு மட்டும் இல்லை. பார் காட்சியில் பழைய கதை முழுவதையும் நோரா வாயால் சொல்லியே தீர்க்கிறாள். சிலியில் நடந்ததைக் காட்டக் காசில்லை, சரி. டாக்ஸிக்குச் செய்த வித்தையில் கால் பங்கை அங்கேயும் செய்திருக்கலாமே? அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஃபோனை எடுத்தவன், திரும்ப வைக்கவே இல்லை.

கடைசிப் பகுதியில் ஹால் முழுக்கப் புகை. ஆரம்பத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அப்புறம் யார் எங்கே நிற்கிறார், யார் உடம்பில் யார் இருக்கிறார், நடப்பது இப்பவா அப்பவா என்று எதுவும் பிடிபடுவதில்லை. புரியாமல் இருப்பது ஒரு சுகம் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் இங்கே இயக்குநருக்கே முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல் புகையைக் கூட்டிவிட்டாரோ என்று எனக்கொரு சந்தேகம். போலீஸ் அதிகாரி பெர்டியோனும் மொழிபெயர்ப்பாளர் ஒலார்ட்டேவும் பலியாவதற்கென்றே கொண்டுவந்து வைத்த ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள். லூஸுக்கே பேயையும் டாக்ஸியையும் தாண்டி ஒரு வாழ்க்கை இல்லை. அதனால் காது மிரண்டாலும் வயிறு கலங்குவதில்லை.

இதே ஸிங்கர் 2024இல் 'குக்கூ' எடுத்தார். பெரிய நடிகர்கள், ஆல்ப்ஸ் மலை, காசுக்குப் பஞ்சமில்லை. புளூட்ஹார்ட் அதிலும் உண்டு. அதில் எனக்கு இன்னும் மறக்காத காட்சி, ராத்திரி ரோட்டில் கதாநாயகி சைக்கிள் ஓட்டிப் போகும்போது தரையில் அவள் நிழலோடு இன்னொரு நிழல் வந்து சேர்வது. ஒரு தெருவிளக்கு, ஒரு ஆள், அவ்வளவுதான் செலவு.

'லூஸ்' பார்ப்பதானால் ஹெட்ஃபோனோடு பாருங்கள். டிவி ஸ்பீக்கரில் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போடாதீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் டைரக்டரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "ஒரு இடத்துலயாவது கதவைக் காட்டாம சத்தம் மட்டும் விடலாமே சார்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "நல்ல ஐடியா சார். கதவையும் காட்டிட்டு, சத்தத்தையும் கொஞ்சம் ஏத்திடுங்க."

திங்கட்கிழமை பன்னிரண்டாவது கதவு.