சீகையை வெட்டினால் மட்டும் சோலை திரும்பாது

நீலகிரியில் சீகை மரம் (வாட்டில்; சீகைக்காய்ச் செடி அல்ல) அகற்றும் பேச்சு வந்தாலே "மொத்தமா வெட்டி லாரியில ஏத்திடலாம்" என்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நமக்கு வேண்டியது இந்த மலைக்கே உரிய சோலைக் காடு திரும்புவது.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. பின்னாளில், மரக்கூழிலிருந்து இழை தயாரித்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் இந்த மலையிலிருந்து கூழ்மரம் இறங்கியது. மரம் இறங்கினாலும் விதை மண்ணிலேயே கிடக்கிறது. பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். வெயிலோ தீயோ பட்டால் போதும், கீரைப்பாத்தி போல முளைத்துவிடும். ஒரே நாளில் மொட்டையடித்த சரிவுகளில் நடப்பது இதுதான்.

முதலில் மரத்தடியில் குனிந்து பாருங்கள். சீகை நிழலில் நாவல் போன்ற சோலை மரக் கன்றுகள் தளிர்விட்டு நிற்கும். அவை நிழலில் வளர்பவை. அங்கே குடைபிடிக்கும் சீகையை விட்டுவைத்து, சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும்.

வெட்ட முடியாத இடத்தில் பட்டை உரிக்கலாம். இடுப்பளவிலிருந்து வேர்க்கழுத்து (தண்டு வேரோடு சேரும் இடம்) வரை, சுற்றிலும் முழுசாக. விரலகலப் பட்டை ஒட்டியிருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். வெள்ளிச் சீகையானால் வேரிலிருந்தே குருத்து கிளம்பும். ஆண்டுதோறும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

முளைக்கும் சீகை நாற்றுகளை மழைக்குப் பின், மண் இளகியிருக்கும்போது கையால் வேரோடு பிடுங்குங்கள். வெட்டிய கிளை, தழைக் கழிவைக் கொளுத்தவே கூடாது.

இன்னொன்று: புல்வெளியாக இருந்த இடத்தில் மரக்கன்று நடாதீர்கள். அங்கே புல்தான் திரும்ப வேண்டும்.