பூண்டு மணக்கும் தவளை

மஞ்சள்கால் தவளையைக் கையில் பிடித்தால் பூண்டு உரித்த வாசனை வரும். பயந்தால் அதன் தோலில் அப்படியொன்று சுரக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதை முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள், 3,000 மீட்டருக்கு மேல் உள்ள சின்ன ஏரிகளில் 3 கோடைகாலம் வேலை பார்த்தேன். அங்கே ஏரி என்கிறார்கள். பல ஏரிகள் நம் ஊர்க் குளத்தளவுதான். என் வேலை, தவளைக்காக மீன் பிடிப்பது.

இந்த ஏரிகளில் ஆதியில் மீனே கிடையாது. பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் இவை. கீழே உள்ள அருவிகளைத் தாண்டி மீன் ஏறி வர வழியில்லை. தூண்டில்காரர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே கோவேறு கழுதை மேல் ஏற்றிவந்து டிரவுட் மீனை விட்டார்கள். பிறகு விமானத்திலிருந்தே கொட்டினார்கள். நம் நீலகிரிக்கு டிரவுட் வந்ததும் இதே ஆசையால்தான். இந்தப் பூங்காவில் 1988-ல் மீன் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் விட்ட மீன் தானாகவே பெருகிக்கொண்டிருந்தது.

இந்தத் தவளையின் தலைப்பிரட்டை முழுத் தவளையாக 2 முதல் 4 வருடம் ஆகும். அத்தனை குளிர்காலத்தையும் அது பனிக்கட்டிக்கு அடியில் கழிக்க வேண்டும். ஆழமில்லாத குட்டை அடிவரை உறைந்துவிடும் என்பதால் ஆழமான ஏரிதான் அதற்கு வீடு. அந்த வீட்டில்தான், தலைப்பிரட்டையைத் தின்னும் டிரவுட் குடியேறியிருந்தது. முன்பு வாழ்ந்த இடங்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில் இன்று இந்தத் தவளை இல்லாமல் போய்விட்டது. 2014-ல் அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

மிதவை வளையத்தில் உட்கார்ந்து, காலில் துடுப்பு மாட்டி, பின்பக்கமாக மிதித்துக்கொண்டே செவுள் வலையை இறக்குவோம். இரவு முழுக்க வலை நீரில் கிடக்கும். காலையில் தூக்கினால் புரூக் டிரவுட். உடம்பெல்லாம் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. மீனின் துடுப்பு முன் ஓரத்தில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவு அழகான மீன். காற்றுப்பையைக் குத்தி ஏரியின் ஆழத்திலேயே அமிழ்த்திவிடுவோம், அதன் சத்து அந்தத் தண்ணீருக்கே திரும்பட்டும் என்று. ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "பாவம்டா, அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள். ஒரு தப்பும் பண்ணவில்லை. கொண்டுவந்து விட்டது மனுஷன்தான். கடைசிவரை எனக்கு அந்த வேலை பழகவில்லை, பழகியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

மீன் குறைந்ததும் தண்ணீருக்கு மேலே முதலில் வந்தது மேஃபிளை. ஈசல் மாதிரி கூட்டமாக எழும்பும். அதைத் தின்ன ரோஸி ஃபின்ச் குருவிகள் பாறைகளிலிருந்து இறங்கி வந்தன. தவளையைத் தின்று வாழும் பாம்புகூட இங்கே தவளையோடு சேர்ந்தே குறைந்திருந்தது. ஒரே ஒரு மீனால் எத்தனை பேருக்குச் சோறில்லாமல் போயிருக்கிறது!

இதையெல்லாம்விட என்னைக் கலங்கவைத்தது சிக்ஸ்டி லேக் பேசின் என்ற ஏரிகள் நிறைந்த பள்ளத்தாக்கின் கதை. அங்கே மீனை எடுத்தார்கள், தவளை பெருகியது. 2004-ல் கைட்ரிட் பூஞ்சை வந்து சேர்ந்தது. தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்பையும் ஏற்கிறது. பூஞ்சை அந்தத் தோலையே கெடுத்துவிட, உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். சில வருடங்களில் அங்கே தவளைக் கூட்டம் சரிந்துபோனது. எனக்கு மூத்தவர் ஒருவர், கரையோரம் வெள்ளை வயிறு மேலாகக் கிடந்த தவளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்புறமும் ஏன் வலை விடுகிறோம்? இதே மலையில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சில இடங்களில் பூஞ்சையோடு வாழக் கற்ற தவளைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வேறு ஏரிகளில் விட்டபோது பல இடங்களில் நிலைத்துவிட்டன. 2024-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அப்படிப் பிழைத்த தவளையைக் கொண்டுபோய் விட, மீன் இல்லாத ஏரி தயாராக இருக்க வேண்டுமே. அதனால்தான் ஒவ்வோர் ஏரிக்கும் போகும்முன் வலை, பூட்ஸ் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்து, நகம் வெடிக்கும் குளிரில் அலசினோம்.

மூன்றாவது கோடையில் ஒரு ஏரியில் வலை வெறுமனே வந்தது, வாரக்கணக்கில். கரையோரம், வெயிலில் சூடேறிய முழங்காலளவுத் தண்ணீரில், தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடந்தன. மண்டியிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்றுக்கு வால் இன்னும் போகவில்லை. ஆனால் பின்னங்கால் இரண்டும் முளைத்து, தொடையில் லேசாக மஞ்சள் தெரிந்தது. நாங்கள் முதல் வலை விட்ட கோடையில் பொரித்ததாக இருக்கும்.