தண்ணீரை யார் மாற்றுவார்கள்?

பெரிய மீன் தொட்டி வேண்டுமென்று கூப்பிடுகிறவர்கள் முதலில் சுவரின் அளவைத்தான் சொல்வார்கள். "ஹால்ல எட்டடி சுவர் காலியா கிடக்கு சார், முழுசா அடைச்சிரலாம்." அடுத்து விலை கேட்பார்கள். நான் பதிலுக்கு மூன்று விஷயம் கேட்பேன்: எந்த மாடி, என்ன தண்ணீர், தொட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதற்கு "எல்லாரும் சேர்ந்து பாத்துக்குவோம்" என்பார்கள். சென்னையில் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் தொட்டி வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலுக்குச் சிரிப்பார்கள்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பேச்சு பாதியில் நிற்பது அங்கேதான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 எம்எம் கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். மணல், கல், இரும்பு ஸ்டாண்ட், கீழே சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். வீட்டு அறையின் தளத்துக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இதற்காகத் தளம் இடிந்து விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. பாரம் அறை முழுக்கப் பரவுவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. ஆனால் பீமை ஒட்டி வைப்பதும் தளத்தின் நட்டநடுவில் வைப்பதும் ஒன்றாகாது. மாடி வீடென்றால் கட்டட இன்ஜினியரின் ஒரு வார்த்தை இல்லாமல் நான் அட்வான்ஸ் வாங்குவதில்லை.

உயரத்தில்தான் எல்லோருக்கும் ஆசை. மூன்றடி உயரமிருந்தால் கம்பீரமாக இருக்கும் என்பார்கள். இருக்கும்தான். ஆனால் கண்ணாடி மேல் தண்ணீர் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்தில் கூடும். இரண்டடியை மூன்றடி ஆக்கினால் இரண்டேகால் மடங்கு. கண்ணாடி 15 எம்எம், 19 எம்எம் என்று தடிமனாகும், விலையும் கூடவே ஏறும். நீளத்தைக் கூட்டினால் அடியில் அழுத்தம் மாறாது, மீனுக்கு நீந்த இடமும் கிடைக்கும். அதனால் உயரத்தில் வெட்டி நீளத்தில் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்வேன். 2022 டிசம்பரில் பெர்லினில் பத்து லட்சம் லிட்டர் பிடிக்கும் உருளைத் தொட்டி உடைந்த வீடியோவை எனக்கு அனுப்பாத வாடிக்கையாளரே இல்லை. அது 16 மீட்டர் உயர அக்ரிலிக், நம் வீட்டுத் தொட்டியோடு சேர்த்துப் பேசவே முடியாது. இருந்தாலும் அந்த வீடியோ வந்த பிறகு மூன்றடி கேட்பவர்கள் குறைந்தார்கள். என் வாயால் ஆகாத வேலையை அது செய்தது.

அண்ணா நகரில் ஒரு ஃப்ளாட். இன்டீரியர் டிசைனர் அழகாக ஒரு படம் போட்டிருந்தார்: சுவருக்குள் பதித்த தொட்டி, மேலே மரக் கப்போர்டு, இரண்டுக்கும் நடுவே நாலு அங்குல இடைவெளி. வீட்டுக்காரர் மயங்கிப்போயிருந்தார். அவருடைய அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, கையை எங்க விடுறது?" என்றார். நான் சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார். வலை போட, பாசி சுரண்ட, செத்த மீனை எடுக்க எல்லாவற்றுக்கும் மேலிருந்துதான் கை போகவேண்டும். ஒன்றரை அடியாவது திறப்பு வேண்டும். ஸ்டாண்ட் இரண்டரை அடி, தொட்டி இரண்டடி என்றால் விளிம்பு நாலரை அடியில் நிற்கும். ஐந்தடி உயரமுள்ள அந்த அம்மாவுக்கு ஸ்டூல் இல்லாமல் அடிமணல் எட்டாது. பேச்சுவாக்கில் கேட்டதில், பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவர்தான். அப்புறம் நான் மகனிடம் பேசுவதை விட்டுவிட்டேன். அளவெல்லாம் அம்மாவோடுதான்.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதாக வைத்துக்கொண்டால் 170 லிட்டர். பதினைந்து லிட்டர் பக்கெட்டில் பன்னிரண்டு நடை, வெளியே கொட்ட ஒருமுறை, உள்ளே ஊற்ற ஒருமுறை. இரண்டு மாதத்தில் யாருக்கும் சலித்துப்போகும். அதனால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தொட்டிக்குப் பின்னால் ஒரு குழாயும், பாத்ரூம் பக்கம் ஒரு வடிகால் பைப்பும் விடச் சொன்னேன். செலவு சொற்பம், வேலை முடிந்த வீட்டில் செய்யப் போனால்தான் சுவரை உடைக்கவேண்டும்.

அந்த வீட்டில் போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டியது. மகனுக்கு டிஸ்கஸ் மேல் ஆசை. அமேசான் மீன் அது, உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர் கேட்கும். ஆர்ஓ போட்டு வளர்க்கலாம், வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அத்தனை லிட்டரையும் ஆர்ஓவில் எடுத்தால் அதைவிட அதிகமாகச் சாக்கடைக்குப் போகும், சென்னையில் மே மாதம் அதைச் செய்ய எனக்கு மனசு வராது. இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர் பிடிக்கும். மஞ்சளும் நீலமுமாக நிறத்திலும் குறைவில்லை. மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் முறிக்க ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) வேண்டும், அது சின்ன வேலை. வாஸ்துவுக்கு ஒரே ஒரு அரவானா என்று மருமகள் கேட்டார். சில்வர் அரவானா இரண்டரை, மூன்றடி வளரும், இரண்டடி அகலத் தொட்டியில் திரும்பவே சிரமப்படும் என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

கரண்ட் போவதை யோசிக்காமல் சம்ப் கட்டக்கூடாது. பம்ப் நின்ற நொடியில் மேல்தொட்டித் தண்ணீர், பம்ப் மேலே ஏற்றிய அதே பைப் வழியாகவே சம்ப்புக்கு வடியத் தொடங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 11 லிட்டர். தானாக இழுத்து வடியும் இந்த ஓட்டத்தை, அதாவது சைஃபனை, உடைக்க பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போடுவோம், ஆனால் அதில் பாசி அடைக்கும். எனவே துளையை நம்பாமல், வடிகிற அத்தனையையும் தாங்க சம்ப்பில் காலியிடம் விடவேண்டும். ஒப்படைக்கும் நாளில் வீட்டாரையே சுவிட்சை அணைக்கச் சொல்வேன். தரை நனையாவிட்டால்தான் மீதிப் பணம்.

2016 வர்தா புயலில் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருந்தவர்களுக்கு இரட்டை அடி. மீனுக்கு ஆக்ஸிஜன் இல்லாதது ஒன்று, ஃபில்டருக்குள் பாக்டீரியா செத்து நாறிய தண்ணீர் கரண்ட் வந்ததும் தொட்டிக்குள் பாய்ந்தது இன்னொன்று. அதிலிருந்து, வேறெதைக் குறைத்தாலும் பேட்டரி ஏர் பம்பைக் குறைக்க விடுவதில்லை. இன்வெர்ட்டரிலும் அதற்கு ஒரு பிளக் பாயின்ட் கேட்டு வாங்குவேன்.

தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வீட்டாருக்குப் பொறுமை போகும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தண்ணீரும் கல்லும்தான். மகன் தினமும் போன் செய்தார். அம்மா டெஸ்ட் கிட்டில் சொட்டு எண்ணி, நிறத்தை அட்டையோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய வாரம் கொளத்தூர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். மகன் நாற்பது மீன் கேட்டார். அம்மா பத்து மஞ்சள் மீனை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டார்.