ரீலோடிங் டை: ரிவால்வரா, பிஸ்டலா? ஈயமா, செம்பா?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பத் தொடங்குபவர்கள், டை (தோட்டாவின் கூட்டை வடிவமைக்கும் அச்சு) செட் வாங்குமுன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கி சிலிண்டர் சுழலும் ரிவால்வரா, மேகசினிலிருந்து தோட்டா ஏறும் பிஸ்டலா? போடப்போகும் புல்லட் (தோட்டாவின் முனையில் இருந்து பறக்கும் குண்டு) வார்ப்பு ஈயமா, செம்பு உறை போட்டதா? எந்தக் கம்பெனி என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, ரெட்டிங், லைமன், டில்லன் எல்லாமே 7/8-14 மரைதான் (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று). வழக்கமான பிரெஸ் (டையைப் பொருத்தி நெம்புகோலால் அழுத்தும் கருவி) எதிலும் ஏறும்.

செட்டில் பொதுவாக மூன்று டை இருக்கும். முதலாவது, சுட்டபின் விரிந்த கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூட்டை) இறுக்கி, எரிந்த பிரைமரை (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடியை) வெளியே தள்ளும். இரண்டாவது கேஸின் வாயைச் சற்று மலர்த்தும். மூன்றாவது புல்லட்டை இறக்கி, வாயை மூடிக் கிரிம்ப் செய்யும், அதாவது வாய் விளிம்பை உள்நோக்கி அழுத்தும். கிரிம்புக்கு மட்டும் தனியாக நான்காவது டை சில செட்களில் வரும்.

முதலாவதான சைஸிங் டையில் யோசிக்க அதிகமில்லை. கார்பைட் (மிகக் கடினமான உலோகக் கலவை) வளையம் உள்ளதை வாங்குங்கள். வெறும் எஃகு டை என்றால் ஒவ்வொரு கேஸுக்கும் லூப் (மசகு) தடவ வேண்டும், பிறகு துடைக்கவும் வேண்டும். ஆனால் .357 சிக் மாதிரிக் கழுத்து ஒடுங்கிய கேஸுக்குக் கார்பைட் இருந்தாலும் லூப் கட்டாயம். 9 எம்எம் கேஸ் அடியில் .391 அங்குலம், வாயில் .380; அதாவது மேல்நோக்கிச் சிறுக்கிறது. அதனால் நெம்புகோல் கனமாக இருக்கும். சில கேஸ்களுக்கு ஒருமுறை கொஞ்சம் ஸ்ப்ரே லூப் அடித்தால் கை வலிக்காது. கார்பைட் உடையக்கூடியது. ரைஃபிள் டையைப் போல ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் தட்டில்) அழுத்தி மோதவிடாமல், தொட்டதும் ஒரு மயிரிழை மேலே ஏற்றிப் பூட்டுங்கள். வளையம் விரிசல் விட்டால் ஒவ்வொரு கேஸிலும் நெட்டுவாக்கில் கீறல் தெரியும்.

பழைய கிளாக் பீப்பாயில் சுட்ட .40 எஸ் அண்ட் டபிள்யூ கேஸ்களின் அடியில் ஒரு புடைப்பு இருக்கும். சேம்பர் (பீப்பாயில் தோட்டா உட்காரும் அறை) அந்த இடத்தில் முழுமையாகத் தாங்காததுதான் காரணம். சாதாரண சைஸிங் டை அவ்வளவு கீழே எட்டாது. ரெட்டிங்கின் ஜி-ஆர்எக்ஸ், லீயின் பல்ஜ் பஸ்டர் இரண்டும் கேஸை வளையத்துக்குள் முழுவதுமாகத் தள்ளி வெளியே எடுப்பவை. 9 எம்எம் சிறுத்துப் போகும் கேஸ் என்பதால் பல்ஜ் பஸ்டர் முறை அதற்கு ஒத்துவராது. புடைப்பு கூர்மையான பிறை வடிவில் பதிந்திருந்தால் அந்தக் கேஸைக் குப்பையில் போடுவதே சரி.

செட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத பாகம் எக்ஸ்பாண்டர், அதாவது வாயை மலர்த்தும் இரண்டாவது டை. என் கணக்கில் அதிகத் தொல்லை தொடங்குவது அங்கேதான். செம்பு உறைபோட்ட 9 எம்எம் புல்லட் .355 அங்குலம், வார்ப்பு ஈயம் .356 அல்லது அதற்கு மேல். செட்டோடு வரும் பிளக் (கேஸின் வாய்க்குள் நுழையும் தண்டு) பெரும்பாலும் .355-ஐ மனதில் வைத்துக் கடைந்தது. 9 எம்எம் கேஸின் சுவர் கீழே போகப் போகத் தடிக்கும். மென்மையான ஈய புல்லட்டை அதில் இறக்கினால், கேஸே அதன் அடிப்பகுதியைப் பிழிந்துவிடும். பிறகு பீப்பாயில் ஈயம் படியும், குறி சிதறும், பழி ஈயக்கலவை மேல் விழும். பவுடர், பிரைமர் இல்லாத ஒரு டம்மி தோட்டா செய்து, புல்லட்டைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். .356 போட்டது .354 ஆக வெளிவந்தால் விடை கிடைத்துவிட்டது. சற்றுப் பெரிய பிளக் போடலாம். அல்லது லைமனின் எம் டை வாங்கலாம். அதன் பிளக் இரண்டு படியாக இருக்கும்: நீளமான கீழ்ப்படி புல்லட்டைவிடச் சற்றுச் சிறியது, குட்டையான மேல்படி சற்றுப் பெரியது. புல்லட் சாயாமல் நேராக நிற்கும்.

வாயை மலர்த்துவதில் அளவு முக்கியம். புல்லட்டின் அடி உட்கார்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் போதும். குறைந்தால் ஈயம் சீவப்பட்டு வாயில் வளையமாகத் தங்கும். தோட்டா சேம்பரில் இறங்காது. கூடினால் பித்தளை சீக்கிரம் வாயில் பிளக்கும். ப்ரோகிரஸிவ் பிரெஸ்ஸில் (ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா முடிப்பது) எக்ஸ்பாண்டர் வழியாகவே பவுடர் விழும் அமைப்பு இருந்தால், அந்த பிரெஸ்ஸுக்கு ஏற்ற பவுடர் ஃபனலைத்தான் பொருத்த வேண்டும்.

கிரிம்ப்புக்கு வருவோம். 9 எம்எம், .40, .45 ஏசிபி எல்லாம் கேஸின் வாய் விளிம்பு சேம்பரின் படியில் முட்டி நிற்பவை. வாயை உள்ளே சுருட்டினால் முட்டுவதற்கு விளிம்பு இருக்காது. எனவே வாயைச் சுருட்டாமல் லேசாக நிமிர்த்தும் டேப்பர் கிரிம்ப் மட்டும். அளவை நீங்களே கணக்கிடலாம்: சுவரின் தடிமன் .011 என்றால், இரு பக்கமும் .022, அதோடு .355 சேர்த்தால் .377. மலர்த்திய வாய் நிமிர்ந்தாலே வேலை முடிந்தது. புல்லட்டைப் பிடித்து வைத்திருப்பது சைஸிங் தந்த இறுக்கம், கிரிம்ப் அல்ல. முடித்த தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, திரும்ப அளங்கள். புல்லட் உள்ளே போயிருந்தால் கிரிம்பைக் கூட்டாதீர்கள். அழுத்தம் விட்டதும் பித்தளை ஈயத்தைவிட அதிகமாகத் திரும்பி விரியும். பிடி இன்னும் தளரும். எக்ஸ்பாண்டர் பிளக் பெரிதா, சைஸிங் போதவில்லையா என்று பாருங்கள். 9 எம்எம், .40 போன்ற சிறிய கேஸில் புல்லட் கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் வாயு அழுத்தம் ஆபத்தாக ஏறும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

ரிவால்வரில் எல்லாம் தலைகீழ். அங்கே கேஸ் அதன் அடியிலுள்ள விளிம்புப் பட்டையால் நிற்கிறது. வாயை புல்லட்டின் பள்ளத்துக்குள் சுருட்டும் ரோல் கிரிம்ப் தேவை. .44 மேக்னம் போன்றவற்றில் அது பலவீனமாக இருந்தால், ஒவ்வொரு உதைப்பிலும் மற்ற அறைகளில் உள்ள புல்லட்டுகள் முன்னால் நகர்ந்து, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டி, சுழலவிடாமல் நிறுத்திவிடும். ரோல் கிரிம்ப் கேஸ் நீளத்தைப் பொறுத்தது. நீளம் ஒன்றுபோல் இல்லையென்றால் கிரிம்பும் ஒன்றுபோல் வராது.

காசு மிச்சப்படும் இடமும் உண்டு. .38 ஸ்பெஷலுக்கும் .357 மேக்னத்துக்கும் ஒரே செட். கேஸ் நீளம் 1.155, 1.290, அந்த .135 அங்குல வித்தியாசத்துக்கு ஒரு ஸ்பேஸர் வளையம் போதும். .44 ஸ்பெஷல், .44 மேக்னம் அப்படியே. .40-க்கும் 10 எம்எம்-க்கும் ஒன்றே. 9 எம்எம்-மும் .380-உம் ஒரே விட்டமுள்ள புல்லட் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அவற்றுக்குத் தனித்தனி டை.

தனி கிரிம்ப் டை வாங்குங்கள். ஒரே அடியில் இறக்கி, கிரிம்பும் செய்தால், புல்லட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடி அதைச் சீவும். லீயின் ஃபாக்டரி கிரிம்ப் டையில், முடிந்த தோட்டாவை மறுபடி இறுக்கும் கார்பைட் வளையம் இருக்கிறது. உறைபோட்ட புல்லட்டுக்குப் பரவாயில்லை. வார்ப்பு ஈயத்துக்கு வேண்டாம். கேஸுக்குள் இருக்கும் புல்லட்டையும் சேர்த்தே சிறுக்கவைக்கும். அந்த வளையம் இல்லாத சாதாரண டேப்பர் கிரிம்ப் டை அங்கே நல்லது.

புல்லட்டை இறக்கும் சீட்டிங் தண்டின் முனை புல்லட்டின் மூக்குக்குப் பொருந்த வேண்டும், தட்டைக்குத் தட்டை, உருண்டைக்கு உருண்டை. ஈய புல்லட்டின் மெழுகு அங்கே சேரச் சேர, தோட்டாவின் நீளம் குறைந்துகொண்டே வரும், அடிக்கடி துடையுங்கள். டில்லன் சீட்டிங் டையில் அமைப்பைக் கலைக்காமலே உட்பாகத்தைக் கழற்றித் துடைக்கலாம். ஈயமே அதிகம் சுடுபவருக்கு அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பவுடர், பிரைமர் இல்லாத டம்மியைக் கழற்றிய பீப்பாயில் போட்டுப் பாருங்கள். 'டங்' என்று விழுந்து, விரலால் சுழன்று, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் மார்க்கர் பேனாவால் முழுவதும் பூசி, மறுபடி போட்டுச் சுழற்றி எடுங்கள். மை வாயில் அழிந்திருந்தால் கிரிம்ப் போதவில்லை. புல்லட்டில் அழிந்திருந்தால் நீளம் அதிகம். கையேடு தரும் நீள எல்லைக்குள் சரிசெய்யுங்கள். அடியில் அழிந்திருந்தால் சைஸிங் டையை இறக்குங்கள்.