நாலாவது தடவைதான் குமிழி வரவில்லை

சிறு வயதிலேயே முதுமை வந்துவிடும் அரிய நோயான புரோஜீரியா உள்ள குழந்தைகளின் தமனி ஏன் அத்தனை சீக்கிரம் கெட்டுப்போகிறது என்பதுதான் என் ஆய்வு. எல்எம்என்ஏ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான் காரணம். 2003-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் உருவாகும் புரோஜெரின் என்ற கோளாறான புரதம் செல்லின் உட்கரு உறையிலேயே ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை இல்லையென்றால் சராசரி ஆயுள் 14.5 வருடம், முடிவு பெரும்பாலும் மாரடைப்பு அல்லது பக்கவாதம். இத்தனைக்கும் பல குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ரால் சாதாரணமாகவே இருக்கும்!

பழி வழக்கமாகத் தமனிச் சுவரின் தசைச் செல்கள் மேல்தான் விழும். அவை அழிந்து அந்த இடத்தில் நார்த்திசு படிவது நிஜம், நானும் முதலில் அவற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ரத்தம் நேரடியாக உரசிக்கொண்டு ஓடும் உள்படலத்துக்கு, எண்டோதீலியல் செல்களுக்கு மாறினேன்.

நோயாளியின் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து இவற்றை வளர்த்தோம். ஒப்பிட, நோயில்லாத பெற்றோரின் செல்கள். மைக்ரோஸ்கோப்பில் பெற்றோர் செல்லின் உட்கரு முட்டை மாதிரி வழவழப்பாக இருந்தது. குழந்தையுடையது கசங்கி, அங்கங்கே புடைத்திருந்தது. துள்ளிக் குதித்தேன். அவசரம்! பல பாஸேஜ், அதாவது செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்கும் சுற்றுகள், தாண்டினால் நல்ல செல்களிலும் கசங்கல் வரும் என்பதை மறந்துவிட்டேன். ஒரே பாஸேஜில் வைத்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

அசல் சோதனை ஓட்டத்தில்தான். பம்ப் வைத்து, ரத்தம் ஓடுவதுபோல் வளர்ப்புத் திரவத்தைச் செல்கள் மேல் ஓடவிட வேண்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி நுழைந்தால் போதும், படலம் மொத்தமும் உரிந்து வந்துவிடும். மூன்று தடவை அப்படியே போனது. திரவத்தை முந்தின இரவே இன்குபேட்டரில் சூடாக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் நாலாவது தப்பித்தது.

24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பெற்றோர் செல்கள் ஓடும் தண்ணீரில் பாசி படிந்தாற்போல் நீண்டு, ஒரே திசையில் படுத்திருந்தன. குழந்தையுடையவை ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன, நைட்ரிக் ஆக்சைடும் குறைவு. தமனியைத் தளர்த்துவதும் அழற்சியை அடக்கி வைப்பதும் அந்த வாயுதான். தசைச் செல்லைக் குற்றம் சொல்லி முடிக்குமுன் இந்தப் பக்கத்து வீட்டையும் விசாரித்திருக்க வேண்டும்.

இப்போது லோனாஃபார்னிப் சேர்த்து ஓட்டுகிறேன். புரோஜெரின் உறையில் ஒட்டுவதைக் குறைக்கும் மருந்து. அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது. காலையிலிருந்து குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறேன். இதுவரை குமிழி இல்லை.