பாட்டியின் மேசையில் ஓர் இடம் காலி

ஸ்பானிஷ் வகுப்புக்கு வெப்குவெஸ்ட் தயாரிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், முன்னுரையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதாதீர்கள். 1995-ல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் உருவாக்கிய முறை இது. இணையத்தில் தேடியதை வைத்து மாணவர் ஏதாவது ஒன்றைச் செய்து காட்ட வேண்டும், அதற்கு முதலில் ஆசை வர வேண்டும் இல்லையா?

"இந்தப் பாடத்தில் மெக்சிகோவின் இறந்தோர் நாள் பற்றி அறிவீர்கள்" என்றுதான் போன வருடம் எழுதினேன் (இறந்த உறவினர்களை நினைத்து வீட்டு மேசையில் படையல் வைக்கும் திருநாள் அது). ஒருவரும் படிக்கவில்லை, நேராகக் கீழே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த முறை இப்படி: "அக்டோபர் 31, ஓஆஹாகா. பாட்டி செம்பசூச்சில் என்னும் துலுக்கச் சாமந்திப் பூக்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். மேசையில் ரொட்டி, உப்பு, ஒரு தம்ளர் தண்ணீர். தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. அங்கே என்ன வைக்கலாம் என்று உன்னைக் கேட்கிறாள்."

அவ்வளவுதான், எல்லாம் எளிய ஸ்பானிஷில், நிகழ்காலத்தில். ஒரு மாணவி உடனே கை தூக்கி, "தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்?" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் அதை ஸ்பானிஷில் கேட்க 'லே குஸ்தாபா' (அவருக்குப் பிடித்திருந்தது) வேண்டும், நான் அந்த வாரம் சொல்லித்தர நினைத்த கடந்தகால வடிவமே அதுதான். (நம் 'அவருக்குப் பிடிக்கும்' போலவே அங்கும் 'அவருக்கு' என்றுதான் வரும், தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும்.)

அடுத்து ஸ்பெயினில் உள்ள புன்யோல் ஊரின் தக்காளித் திருவிழா. அதற்கு முதல் வரி இன்னும் அமையவில்லை, யோசனை இருந்தால் சொல்லுங்கள்.