திருகாணி

சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புதிதாக வரத் தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணை மூத்த அக்கா ஒருவர் ஓரமாக நிறுத்தி, "கம்மலைக் கழற்றிட்டு வாம்மா, ஆண்டவருக்குப் பிரியமில்லை" என்றார்.

அங்கேயே கழற்றினாள். திருகாணி சிக்கிக்கொண்டது, விரல் நடுங்கியது. கைக்குட்டை நுனியில் முடிந்துகொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

என்ன பாரத்தோடு வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேதாகமத்தில் மத்தேயு 23-ம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்வது குடிகாரர்களை இல்லை. சீரகத்தில்கூட தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை. (தசமபாகம் தப்பு என்று அவர் சொல்லவில்லை, அதையும் விடாதீர்கள் என்கிறார்.)

லூக்கா 18-ல் இயேசு சொல்லும் உவமையில் இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள். அதில் ஒருவனான பரிசேயன், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவன், பொய் சொன்னதாக எங்கேயும் இல்லை. வாரத்தில் இரண்டு முறை உபவாசம் இருந்தவன்தான். ஆனாலும் நீதிமானாக வீடு திரும்பியது, தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், ஊரே பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன்.

நியாயத்தீர்ப்பு என்றாலே அது அடுத்தவருக்கு என்று நினைக்கிறோம். ரோமர் 2-ல் அப்போஸ்தலன் பவுல் அதை, மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவன் பக்கமே திருப்புகிறார். அப்புறம் 4-ம் வசனத்தில், மனந்திரும்ப நடத்துவது தேவனுடைய தயவு என்கிறார்.

நம் பிரசங்கபீடங்களில் இந்த வசனத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது?